ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட்டுக்குப் பிறகு: போனில் வரும் புகாரை வைத்துப் பிழையைப் பிடிப்பது

திருப்பூர், ஈரோடு, கரூர், கோவை வட்டாரத்தில் கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்கவுண்ட்ஸ் ரூம் மூலையில், யூபிஎஸ் பக்கத்தில் ஒரு சர்வர். அதில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வர் மென்பொருள். இணைப்பைப் பூட்டிக் காக்கும் என்கிரிப்ஷன் வேலைக்கு அதன் அடியில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு. பில், டிஸ்பாட்ச், ஜாப் ஒர்க் கணக்கு எல்லாம் அதன் வழியாகத்தான் ஓடும். அவ்வப்போது பராமரிப்பு அப்டேட் வரும், போடுவோம், மறுநாள் காலையில் போன் வரும்: "ஏனுங் தம்பி, நேத்து என்னமோ பண்ணுனீங்களாமே, பில்லே போட மாட்டேங்குதுங்க. லாரி நிக்குது."

உடனே பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். அப்டேட் எதையாவது உடைப்பது அபூர்வம். ஏற்கெனவே உளுத்துப்போயிருந்ததை அது வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். எப்போதோ மாற்றிவைத்த சர்ட்டிபிகேட் (இது இன்னாருடைய சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் சான்று) தப்பாக இருந்தாலும், சர்வரை ரீஸ்டார்ட் செய்கிற வரை யாருக்கும் தெரியாது. அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்வோம், குட்டு வெளிப்படும், பழி மட்டும் அப்டேட் மேல் விழும். பழைய வெர்ஷனுக்குத் திரும்பினாலும் அந்த சர்ட்டிபிகேட் தப்பாகவேதான் இருக்கும், கூடவே அடைத்த ஓட்டையும் திரும்பத் திறந்துகொள்ளும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள். முதலாவது, நடந்தது எந்த மாதிரி அப்டேட்? 3.0 வந்ததிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் எண்களைப் படிப்பது சுலபம். கடைசி எண் மட்டும் ஏறியிருந்தால் பிழைத் திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும்தான், புது வசதி எதுவும் கிடையாது. முன்பு இதற்கே எழுத்து போடுவார்கள், 1.1.1டபிள்யூ என்கிற மாதிரி. இந்தச் சின்ன அப்டேட்டில் அமைப்புகள் மாறுவதில்லை. ஆனால் சர்வரில் ஓடும் உபுண்டு லினக்ஸையே 20.04-இலிருந்து 22.04 ஆக்கினீர்கள் என்றால் கதை வேறு, அங்கே 1.1.1 போய் 3.0 வந்து உட்கார்கிறது. 20.04-க்கான இலவசப் பராமரிப்பு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் நம் பக்கத்தில் பல கம்பெனிகள் இந்தத் தாவலைச் செய்துவிட்டன, பலர் அது வெறும் அப்டேட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே வரும் புகார்களில் பாதி இந்தத் தாவலால் வருபவை.

இரண்டாவது, யாரால் உள்ளே போக முடிகிறது, யாரால் முடியவில்லை? "எல்லாருக்கும் நின்னுபோச்சுங்ளா, இல்ல பேக்கிங் செக்‌ஷனுக்கு மட்டுமுங்ளா?" என்று கேட்டாலே வேலை பாதி முடிந்த மாதிரி.

அப்புறம் ஒரு முன்னெச்சரிக்கை. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்து வேலை செய்கிறீர்கள் என்றால் இன்னொரு ஜன்னலில் இரண்டாவது லாகின் ஒன்றைத் திறந்தபடி வைத்திருங்கள். எஸ்எஸ்ஹெச்சும் இதே லைப்ரரியைத்தான் நம்பியிருக்கிறது. யாராவது சோர்ஸ் கோடை கம்பைல் செய்து லைப்ரரியை மாற்றிவைத்த சர்வரில் "ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று சொல்லிவிட்டு எஸ்எஸ்ஹெச் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் பெருந்துறை சிப்காட் வரை வண்டியில் போய் கீபோர்டு மானிட்டர் மாட்ட வேண்டியதுதான். என்ன கிழமை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வாரக்கூலி போடும் கம்பெனியில் அன்றைக்கு எதிலும் கை வைக்காதீர்கள்.

"அப்டேட் போட்டாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லீங்க"

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. அப்டேட் டிஸ்கில் இருக்கிற லைப்ரரி ஃபைலைத்தான் மாற்றும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி பழைய லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. நீங்கள் ரீஸ்டார்ட் செய்யும் வரை அதைத்தான் பயன்படுத்தும். பேக்கேஜ் புதுசு, பாதுகாப்பு பழசு.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டையை அறிவித்தபோது இதை எல்லோரும் நேரில் பார்த்தோம். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாவற்றிலும் ஓட்டை, 1.0.1ஜி-இல் சரிசெய்யப்பட்டது. ஆனால் அப்டேட்டை இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாத சர்வரில் ஓட்டை திறந்தபடியேதான் இருந்தது. அந்த ஓட்டை வழியாக, சர்ட்டிபிகேட்டின் ஜோடியான ரகசியச் சாவி, அதாவது பிரைவேட் கீயே வெளியே போயிருக்கலாம் என்பதால் புது கீ, புது சர்ட்டிபிகேட் எடுத்தாக வேண்டியிருந்தது. அதையும் பலர் விட்டுவிட்டார்கள்.

பார்ப்பது எப்படி? எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ரூட்டாக ஓட்டி, வருவதில் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ என்கிற வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். அந்த வரியில் "டிஇஎல்" என்றோ "டெலீட்டட்" என்றோ இருந்தால் அந்தப் புரோகிராம் அழிந்துபோன பழைய ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்பாச்சி மட்டும் என்று நினைக்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், பிஹெச்பி எஃப்பிஎம் எல்லாமே வரிசையில் வரும். உபுண்டு 22.04-இல் "நீட்ரீஸ்டார்ட்" என்று ஊதா நிறத்தில் ஒரு பெட்டி வந்து எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யட்டும் என்று கேட்கும். அதைப் படிக்காமலே என்டர் தட்டிப் பழகியவர்கள் நிறையப் பேர்.

ரீலோட் போதாது. என்ஜின்எக்ஸில் ரீலோட் செய்தால் மாஸ்டர் புராசஸ் அப்படியே இருக்கும், அதிலிருந்துதான் புது ஒர்க்கர்கள் பிறக்கும், ஆகவே பழைய லைப்ரரியே தொடரும். அப்பாச்சியிலும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை நம்பாமல் முழுசாக நிறுத்திக் கிளப்புங்கள். டீ இடைவேளையில் செய்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: "அப்டேட் போட்டேன், வெர்ஷன் அதே 3.0.2 தானே காட்டுகிறது?" உபுண்டு 22.04 கடைசி வரை 3.0.2 என்றுதான் காட்டும். திருத்தங்களை மட்டும் எடுத்துப் பழைய எண்ணிலேயே சேர்த்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பேக்கேஜ் எண்ணின் வால் பகுதியைப் பாருங்கள், அதுதான் ஏறும். சேஞ்ச்லாகைத் திறந்தால் எந்தெந்த சிவிஇ (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டை) அடைபட்டது என்று வரிவரியாக இருக்கும். கம்பெனிக்கு ஆடிட் வந்தால், ஸ்கேனர் மென்பொருள் வெறும் எண்ணைப் பார்த்துவிட்டு "பழைய வெர்ஷன்" என்று சிவப்பில் எழுதிக் கொடுக்கும். அந்த சேஞ்ச்லாக்தான் அதற்குப் பதில். பேக்கேஜ்கள் இரண்டு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கட்டளைக் கருவி ஒன்று, லைப்ரரி இன்னொன்று. சர்வருக்கு முக்கியம் லைப்ரரி.

"சர்வரே கிளம்ப மாட்டேங்குது"

முதலில் அமைப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். அப்பாச்சியில் கான்ஃபிக்டெஸ்ட், என்ஜின்எக்ஸில் ஹைஃபன் டி. உண்மையில் இதை ரீஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். ஆனால் கான்ஃபிக்டெஸ்ட் "சின்டாக்ஸ் ஓகே" என்று சொல்லிவிட்டு, ஸ்டார்ட் ஆகும்போது காலை வாருவதும் உண்டு. ஆகவே எரர் லாகின் கடைசி வரிகளை அப்படியே படியுங்கள்.

"கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்" என்று வந்தால் சர்ட்டிபிகேட் ஒன்று, பிரைவேட் கீ வேறொன்று. சர்ட்டிபிகேட் விற்பவர் புது கீ போட்டுக் கொடுத்திருப்பார், இங்கே சர்ட்டிபிகேட்டை மட்டும் மாற்றிவிட்டு கீயை விட்டிருப்பார்கள். சரிபார்க்க, மாடுலஸை ஒப்பிடு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அது ஆர்எஸ்ஏ வகை கீக்கு மட்டும்தான் சரிவரும். இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை வெளியே எடுத்து ஒப்பிடுவதே நல்லது, ஈசி வகை கீக்கும் பொருந்தும். எக்ஸ்509 கட்டளையில் பப்கீ, பிகீ கட்டளையில் பப்அவுட். இரண்டு விடைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

எரரே இல்லாமல் சும்மா நிற்கிறதா? பிரைவேட் கீக்கு பாஸ்பிரேஸ் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கரண்ட் போய், யூபிஎஸ் தீர்ந்து, சர்வர் தானாகத் திரும்பக் கிளம்பும்போதும் இதே கதைதான். யாரும் எதிரே இல்லாத மெஷினில் பாஸ்பிரேஸ் கேட்டு என்ன பயன்? பாஸ்பிரேஸ் இல்லாத கீயாக மாற்றி, ரூட் மட்டும் படிக்கும்படி 600 பர்மிஷனில் வையுங்கள். பழைய ஆட்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாஸ்பிரேஸை ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

"இஇ கீ டூ ஸ்மால்" என்பது உபுண்டு 20.04-க்கும் முந்தைய பழைய வெர்ஷனிலிருந்து தாவியவர்களுக்கு வருவது. எவ்வளவு பலவீனமானதுவரை ஏற்கலாம் என்று முடிவு செய்யும் செக்யூரிட்டி லெவலை (செக்லெவல்) உபுண்டு, டெபியன் இரண்டும் 2 என்று வைத்திருக்கின்றன. அந்த லெவலில் 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ கீ செல்லாது. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் அந்தக் காலத்தில் 1024 பிட்டில் பத்து வருஷத்துக்குத் தானே கையெழுத்திட்ட சர்ட்டிபிகேட் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார். "சிஏ எம்டி டூ வீக்" என்றால் ஷா-1 என்கிற பலவீனமான பழைய முறையில் போட்ட கையெழுத்து. "டிஹெச் கீ டூ ஸ்மால்" என்றால் 1024 பிட் டிஃபி-ஹெல்மன் அளவுருவை யாரோ ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள்; அந்த வரியை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். மற்ற இரண்டுக்கும் புது சர்ட்டிபிகேட்தான் மருந்து. லாரி நிற்கிறது, இப்போதே ஓட வேண்டும் என்றால் சைஃபர் வரியில் செக்லெவலை 1 ஆக்கினால் 1024 பிட் கீ ஓடும். ஆனால் 3.0-இல் ஷா-1 கையெழுத்து லெவல் 1-லும் செல்லாது, 0 வரை இறங்க வேண்டும். இறக்கினால் எப்போது திரும்ப ஏற்றுவது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

"லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 1.1 நாட் ஃபவுண்டு" என்று வந்தால், பழைய லைப்ரரிக்காக கம்பைல் செய்த புரோகிராம் ஏதோ ஓடப் பார்க்கிறது. புது லைப்ரரிக்குப் பழைய பெயரில் லிங்க் போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் உள்ளமைப்பு வேறு. லிங்க் போட்டும் கிளம்பாது, கிளம்பினாலும் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. எங்கிருந்தோ 1.1 பேக்கேஜை இறக்கிப் போடுவதும் சரியில்லை, 1.1.1-க்கான இலவச ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஓடு முடிந்துவிட்டது. சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் புது பில்டு கேளுங்கள். அவர் போனையே எடுப்பதில்லை என்றால், அந்தப் பழைய புரோகிராமை மட்டும் ஒரு கன்டெய்னரில் அடைத்து, வெளியிலிருந்து வரும் இணைப்பைப் புது என்ஜின்எக்ஸ் வாங்கிக் கொடுக்கட்டும்.

"எனக்கு வருது, பேக்கிங்ல மட்டும் வர மாட்டேங்குது"

பேக்கிங் செக்‌ஷனில் இருப்பது பெரும்பாலும் ஆபீசில் கழித்துவிட்ட மெஷின். விண்டோஸ் 7. கேபினெட்டைத் திறந்தால் ஃபேன் இறக்கை தெரியாத அளவுக்கு பனியன் பஞ்சு அடைத்திருக்கும். பக்கத்தில் ஆண்ட்ராய்டு 4-இல் ஓடும் கையடக்க பார்கோடு ஸ்கேனர்.

சர்வர் லாகில் "அன்சப்போர்ட்டட் புரோட்டோகால்" அல்லது "நோ ஷேர்டு சைஃபர்" என்று இருக்கும். பூட்டிய இணைப்புக்கான விதிமுறையான டிஎல்எஸ்ஸில் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகவே கைவிட்டுவிட்டார்கள், ஆர்எஃப்சி 8996 என்கிற இணையத் தர ஆவணத்தில். வினோதம் என்னவென்றால், அந்த விண்டோஸ் 7 மெஷினிலேயே குரோமில் திறந்தால் பக்கம் வரும், பில்லிங் புரோகிராமில்தான் வராது. குரோம் தன்னுடைய டிஎல்எஸ்ஸைத் தானே கொண்டுவருகிறது. பில்லிங் புரோகிராம் விண்டோஸுடையதைப் பயன்படுத்துகிறது. விண்டோஸ் 7-இல் டிஎல்எஸ் 1.2 உள்ளேயே இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கேபி3140245 அப்டேட்டும் அதற்கான ரெஜிஸ்ட்ரி மாற்றமும் போட்டால் பல புரோகிராம்களுக்கு அதுவே போதும். டாட்நெட்டில் எழுதிய பழைய புரோகிராம் என்றால் ரெஜிஸ்ட்ரியில் ஸ்ட்ராங் கிரிப்டோ அமைப்பையும் போட வேண்டும். ஆண்ட்ராய்டில் டிஎல்எஸ் 1.2 தானாக இயங்குவது 5.0-இலிருந்துதான், 4.1 முதல் 4.4 வரை உள்ளே இருந்தும் ஆப் எழுதியவர் கேட்டால்தான் கிடைக்கும்.

சர்வர் பக்கத்தில் டிஎல்எஸ் 1.0-ஐத் திறந்துவிட்டேன், ஆனாலும் வரவில்லையே என்று சிலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 3.0-இல் டிஎல்எஸ் 1.0, 1.1 ஓட வேண்டுமென்றால் புரோட்டோகால் வரியை மாற்றினால் மட்டும் போதாது, செக்லெவலையும் 0 ஆக்க வேண்டும். அந்த இரண்டும் ஹேண்ட்ஷேக்கில் (இணைப்பின் தொடக்கப் பேச்சில்) எம்டி5, ஷா-1 சேர்ந்த கையெழுத்தை நம்பியிருப்பதால் அப்படி. ஆனால் பேக்கிங்கில் இருக்கும் நாலு ஸ்கேனருக்காக இன்டர்நெட்டை நோக்கியிருக்கும் சர்வர் முழுவதையும் 0-க்கு இறக்குவது எனக்கு ஒப்பவில்லை. உள் நெட்வொர்க்கில் மட்டும் கேட்கும்படி இன்னொரு என்ஜின்எக்ஸ், வேறு போர்ட்டில், தளர்ந்த அமைப்போடு வைத்து ஸ்கேனர்களை அங்கே திருப்பிவிடுங்கள். ஃபயர்வாலில் அந்த போர்ட்டை வெளியே விடாதீர்கள். முதலாளியிடம் ஸ்கேனர் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். தீபாவளி போனஸ் முடியட்டும் என்பார், கார்த்திகையில் திரும்பக் கேளுங்கள்.

அதே செக்‌ஷனில் ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் "சர்ட்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை" என்கிற மாதிரி எரர் வந்தால், சர்வரை விட்டுவிட்டு அந்த மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி 2009-க்குப் போயிருக்கும். சிஆர்2032 பேட்டரி எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும்.

"கம்ப்யூட்டர்ல வருது, போன் ஆப்ல வர மாட்டேங்குது"

இதற்குத் தொண்ணூறு சதவீதம் இடைநிலை சர்ட்டிபிகேட் இல்லாததுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நிலம் வாங்கும்போது பத்திரம் மட்டும் போதாது, தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார்கள் அல்லவா, அதேதான். உங்கள் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்திட்டது ஒரு இடைநிலை நிறுவனம். அதற்குக் கையெழுத்திட்டது ரூட். போனில் ரூட் மட்டும்தான் இருக்கும். நடுவில் இருப்பதை சர்வர்தான் கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் குரோம் காணாமல்போன துண்டைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும். அதனால் ஆபீசில் யாருக்கும் குறை தெரியாது. ஆண்ட்ராய்டு ஆப், கர்ல், பிஹெச்பி, ஜாவா எதுவும் அப்படித் தேடிப் போகாது.

சோதிக்க, வெளியே வேறொரு மெஷினிலிருந்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டினாலும் சரி, ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் கட்டளையை ஷோசர்ட்ஸ் சேர்த்து ஓட்டுங்கள். டொமைன் பெயரை சர்வர்நேம் என்றும் தனியாகக் கொடுங்கள். வரும் பட்டியலில் 0 என்று ஒன்று மட்டும் இருந்து, கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் 20 அல்லது 21 என்று வந்தால் இடைநிலை வரவில்லை. 0, 1 என்று இரண்டாவது இருந்து கோட் 0 என்றால் சரி.

என்ஜின்எக்ஸில் ஒரே ஃபைலில் முதலில் உங்கள் சர்ட்டிபிகேட், அதன் அடியில் இடைநிலை. வரிசை மாறினால் கிளம்பாது. அப்பாச்சி 2.4.8-இலிருந்து இதே முறைதான். செயினுக்கென்று தனி வரி எழுதுவது பழைய வழக்கம். சர்ட்டிபிகேட்டைத் தானாக எடுத்துப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் "சர்ட்" ஃபைலைக் காட்டாமல் "ஃபுல்செயின்" ஃபைலைக் காட்டினாலே போதும்.

செயின் முழுசாக இருந்தும் ரொம்பப் பழைய போன்களில் மட்டும் வரவில்லை என்றால் அது ரூட் பிரச்சினை. இலவச சர்ட்டிபிகேட் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அவர்களுடைய சொந்த ரூட் ஆண்ட்ராய்டு 7.1.1-க்குக் கீழே கிடையாது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 ஓடும் பழைய லினக்ஸ் மெஷின்களும் அன்றைக்குத்தான் திணறின. சர்வர் அமைப்பை மட்டும் மாற்றினால் இது தீராது.

"உள்ளே வருது, நம்ம சர்வர்தான் வெளிய போக மாட்டேங்குது"

பில் போடுவதுவரை நடக்கும். அதற்கு மேல் பேங்குக்கோ, கூரியருக்கோ, வெளிநாட்டு பையரின் சர்வருக்கோ நம் சர்வர் பேச வேண்டிய இடத்தில் நிற்கும். இங்கே நம் சர்வர்தான் கிளையண்ட். இது முழுக்க முழுக்க 3.0 தாவலின் வேலை.

"அன்சேஃப் லெகசி ரீநெகோசியேஷன் டிஸேபிள்டு" என்றால், எதிர் முனையில் இருக்கும் சர்வர் 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5746 பாதுகாப்பைக்கூட இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. முந்தைய வெர்ஷன்கள் அதைப் பொறுத்துக்கொண்டன, 3.0 பொறுப்பதில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்களுக்கு மெயில் போடுங்கள். பதில் வரும்வரை, ஓப்பன்எஸ்எஸ்எல் அமைப்பு ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து அதில் மட்டும் "அன்சேஃப் லெகசி ரீநெகோசியேஷன்" ஆப்ஷனைச் சேர்த்து, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃப் என்கிற சூழல் மாறி வழியாக அந்த ஃபைலைக் காட்டுங்கள். சிஸ்டம் முழுவதற்குமான ஃபைலில் எழுதிவிடும் அவசரக்காரர்கள் அதிகம். அப்படிச் செய்தால் மற்ற எல்லா இணைப்பும் சேர்ந்து பலவீனமாகும்.

"அன்எக்ஸ்பெக்டட் இஓஎஃப் வைல் ரீடிங்" என்றால் எதிர்ப்பக்கம் முறையாக விடைபெறாமல் லைனைத் துண்டிக்கிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்டது, இப்போது எரர் ஆகிவிட்டது. பிஹெச்பியையும் கர்லையும் அந்த டிஸ்ட்ரிபியூஷன் கொடுக்கும் கடைசி வெர்ஷனுக்குக் கொண்டுவந்து பாருங்கள், பல சமயம் அதோடு நின்றுவிடும்.

பையரோ பேங்கோ கொடுத்த பிஎஃப்எக்ஸ் ஃபைல் (சர்ட்டிபிகேட்டையும் கீயையும் ஒன்றாகப் பூட்டிய ஃபைல்) திறக்கவில்லை, "ஆர்சி2-40-சிபிசி" என்றோ 0308010சி என்றோ எரர் வருகிறது என்றால் ஃபைல் கெட்டுப்போகவில்லை, பாஸ்வேர்டும் தப்பில்லை. அந்தப் பழைய பூட்டை 3.0 "லெகசி" என்று தனி மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டது. பிகேசிஎஸ்12 கட்டளையில் லெகசி என்று சேர்த்துத் திறந்து, பிஇஎம் ஆக எழுதி, லெகசி இல்லாமல் புது பிஎஃப்எக்ஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். நடுவில் எழுதிய பிஇஎம் ஃபைலில் பிரைவேட் கீ பூட்டில்லாமல் கிடக்கும். டெம்ப் ஃபோல்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். புது ஃபைலைப் பழைய விண்டோஸ் சர்வரில் இம்போர்ட் செய்யப்போனால் பாஸ்வேர்டு தப்பு என்று பொய் சொல்லும். அந்த மெஷினுக்குப் பழைய ஃபைலையே கொடுங்கள்.

"வேற கம்பெனி பேர் காட்டுது"

ஒரே குடும்பத்தில் அண்ணன் நிட்டிங், தம்பி டையிங், மாப்பிள்ளை எக்ஸ்போர்ட் என்று மூன்று டொமைன்கள் ஒரே சர்வரில் இருக்கும். கேட்பவர் பெயர் சொல்லாவிட்டாலோ, சொன்ன பெயருக்கு ஹெச்டிடிபிஎஸ் போர்ட்டான 443-இல் இடம் இல்லாவிட்டாலோ, அப்பாச்சி முதலில் ஏற்றிய சைட்டின் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கும். ஃபைல் பெயர் அகர வரிசையில்தான் ஏற்றுகிறது. அப்டேட்டின்போது டிஃபால்ட் சைட் திரும்ப இயங்கத் தொடங்கியிருக்கிறதா பாருங்கள்.

"ராங் வெர்ஷன் நம்பர்"

வெர்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 443-இல் என்கிரிப்ஷன் இல்லாத வெறும் ஹெச்டிடிபி பேசிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்எல் என்ஜின் ஆன் என்கிற வரி விட்டுப்போயிருக்கும், அல்லது ப்ராக்ஸி பின்னால் இருக்கும் சாதாரண போர்ட்டை ஹெச்டிடிபிஎஸ் என்று நினைத்துக் கூப்பிடுகிறது.

"ஓசிஎஸ்பி ரெஸ்பாண்டர் இல்லைன்னு லாக் நிறையுது"

லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்ட் 6-இல் ஓசிஎஸ்பி சேவையை, அதாவது சர்ட்டிபிகேட் ரத்தாகிவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்லும் சேவையை, நிறுத்திவிட்டது. சர்ட்டிபிகேட்டிலும் அந்த முகவரி இல்லை. அந்தப் பதிலை சர்வரே சேர்த்து அனுப்பச் சொல்லும் ஸ்டேப்ளிங் வரிகளை அமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இணைப்புக்கு ஒன்றும் ஆகாது.

"முன்னைவிட மெதுவா இருக்குது"

கற்பனை என்று ஒதுக்காதீர்கள். 1.1.1-ஐவிட 3.0, நிறைய த்ரெட்களோடு ஓடும்போது மெதுவாகத்தான் இருந்தது. பின்னால் வந்தவற்றில் படிப்படியாகச் சரிசெய்தார்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில் இது உணரும்படி இருக்காது. இருந்தால் கீப்அலைவ், செஷன் கேஷ் இரண்டும் இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் புது ஹேண்ட்ஷேக் போட்டால் எந்த வெர்ஷனும் மூச்சு வாங்கும். 3.0-க்கான ஆதரவு 2026 செப்டம்பர் 7 வரை, 3.5-க்கு 2030 ஏப்ரல் வரை. டிஸ்ட்ரிபியூஷன் கொடுப்பதையே பயன்படுத்துகிறவர்களுக்கு அவர்களுடைய தேதிதான் கணக்கு.

"ரின்யூ பண்ணியாச்சு, ஆனா எக்ஸ்பயர்னு காட்டுது"

டிஸ்கில் புது சர்ட்டிபிகேட், நினைவகத்தில் பழசு. முதல் அறிகுறியில் லைப்ரரிக்கு நடந்ததே இங்கே சர்ட்டிபிகேட்டுக்கு நடக்கிறது, ஆனால் இதற்கு ரீலோடே போதும். ஃபைலில் இருக்கும் முடிவு தேதியையும், எஸ்_கிளையண்ட் வழியாக 443-இலிருந்து வரும் முடிவு தேதியையும் என்ட்டேட் ஆப்ஷனோடு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் செர்ட்பாட்டில் டிப்ளாய் ஹூக், அதாவது புது சர்ட்டிபிகேட் வந்ததும் தானாக ஓடும் கட்டளை, போடவில்லை என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒருமுறை கையால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களும் இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். 2026 மார்ச் 15 முதல் சர்ட்டிபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. ஹூக்கில் ரீலோடுக்கு முன்னால் கான்ஃபிக்டெஸ்டையும் சேர்த்து, அது தேறினால் மட்டும் ரீலோட் ஆகும்படி எழுதுங்கள். தேறாவிட்டால் உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வரட்டும், மேனேஜர் கூப்பிடுவதற்கு முன்னால்.